அரிய புற்றுநோயாளரின் தேவைகள்

அரிய புற்றுநோய் என்பது ஒரு மக்கள்தொகையில் மிகக் குறைந்த எண்ணிக்கையினருக்கு மட்டுமே ஏற்படும் புற்றுநோய் வகைகளைக் குறிக்கும். இவ்வகைப் புற்றுநோய் கண்டோருக்கு நோயறிதல், சிகிச்சை, தகவல், மன ஆதரவு ஆகியவற்றில் நிறைவேறாமல் எஞ்சும் தேவைகள், மார்பகப் புற்று போன்ற பரவலான புற்றுநோய் கண்டோருடையவற்றைவிட மிகுதி. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு வகையும் அரிதே. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவை அரிதானவை அல்ல. ஐரோப்பாவில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அரிய வகையைச் சேர்ந்ததாகும்.

வரையறை

எது அரிது என்பதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட ஒரே அளவுகோல் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரேர்கேர் ஆய்வுத்திட்டம், ஓராண்டில் 1,00,000 பேருக்கு 6 பேருக்கும் குறைவாகப் புதிதாகக் காணப்படும் புற்றுநோயை அரியது எனக் கொண்டது. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இவ்வெல்லையை 15 என வைத்துள்ளது. 2017ல் வெளியான ரேர்கேர் தொடராய்வு, 198 அரிய புற்றுநோய்களைக் கணக்கிற்கொண்டு, அவற்றைப் பெற்றோரில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 48.5 விழுக்காடு எனவும், பரவலான புற்றுநோய்களில் அது 63.4 விழுக்காடு எனவும் கண்டது. இவ்விடைவெளி முழுவதையும் நோயின் கொடுமைக்கே ஏற்றிவிட முடியாது. காலந்தாழ்ந்த நோயறிதலுக்கும் பொருந்தாத சிகிச்சைக்கும் அதில் பங்குண்டு.

அரிதாக இருப்பது இடத்தையும் பொறுத்தது. வாய்ப்புற்று ஐரோப்பியப் பட்டியலில் அரிய புற்றுநோய். புகையிலை மெல்லும் வழக்கம் பரவியுள்ள இந்தியாவிலோ ஆண்களிடையே அது முன்னணியில் உள்ள புற்றுநோய்களுள் ஒன்று. பித்தப்பைப் புற்று கங்கைச் சமவெளியில் மிகுதியாகவும் தென்னிந்தியாவில் குறைவாகவும் காணப்படுகிறது. ஆகவே மேனாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துத் தமிழ்நாட்டிற்கோ புதுச்சேரிக்கோ பொருத்துவது பிழையாகும். எண்ணிக்கை தெரிய வேண்டுமெனில் முதலில் பதிவு வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 1981ல் தொடங்கியது. சென்னை அதன் தொடக்கக்காலப் பதிவு மையங்களுள் ஒன்றாகும். 2022ல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டோர் ஏறத்தாழ 14 லட்சம் பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இதில் ஐந்தில் ஒரு பங்கு அரிய வகை எனக் கொண்டாலும், ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்று லட்சம் குடும்பங்கள் இக்கட்டுரையில் கூறப்படும் நிலைமையை எதிர்கொள்ளும்.

நோயறிதல்

அரிய புற்றுநோயாளரின் முதல் தேவை, நோயின் சரியான பெயர். நோயாளி முதலில் காணும் மருத்துவர் அந்நோயைத் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராமல் இருக்கலாம். பதின்ம வயதுச் சிறுவன் ஒருவனின் முழங்காலுக்கு மேலே தோன்றும் வலி, விளையாட்டில் பட்ட அடி என்றே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. எண்ணெய் தேய்த்து நீவுதலும் கட்டுப் போடுதலும் நடக்கின்றன. அது எலும்புப் புற்றாக இருப்பின் இவ்வாறு கழியும் வாரங்கள் காலையே, சில வேளை உயிரையே இழக்கச் செய்யும். தமிழ்நாட்டில் இப்புற்றுக்குக் காலை வெட்டி அகற்றுவதே நீண்டகாலம் வழக்கமாயிருந்தது. சென்னையில் எலும்பியல் அறுவை வல்லுநர் மயில்வாகனன் நடராசன் 1980களின் இறுதியிலிருந்து உள்நாட்டிலேயே செய்யப்பட்ட செயற்கை உள்மூட்டுகளைப் பொருத்திக் காலைக் காக்கும் அறுவையைப் பரவச் செய்தார். எனினும் அவ்வாய்ப்பு உரிய நேரத்தில் வந்து சேர்வோருக்கே உண்டு.

சார்கோமா எனப்படும் இணைப்பிழையப் புற்றுகளில் இச்சிக்கல் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. இவை பெரியவர்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே. ஆனால் பல பத்து உட்பிரிவுகளை உடையவை. தொடையிலோ தோளிலோ வலியின்றி வளரும் கட்டியைக் கொழுப்புக்கட்டி எனக் கருதி, திசுப் பரிசோதனை செய்யாமலே சிறிய மருத்துவமனையில் வெட்டியெடுத்துவிடுவது உலகெங்கும் நிகழும் தவறாகும். கட்டியின் எச்சம் உள்ளே தங்கிவிட, இரண்டாவது அறுவை பெரிதாகவும் கடினமாகவும் அமைகிறது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அல்லது வளர்ந்துகொண்டேயிருக்கும் கட்டியை வெட்டுமுன் படமெடுத்து ஊசித்திசுப் பரிசோதனை செய்தல் வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. வெட்டிய கட்டியை ஆய்வகத்திற்கு அனுப்பாமல் எறிந்துவிடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அவ்வாறு எறியப்படும்போது நோயாளியின் ஒரே சான்று அழிகிறது.

திசு ஆய்வகத்தை அடைந்தாலும் முடிவு உறுதியாகிவிடுவதில்லை. பிரான்சின் இரு வட்டாரங்களிலும் இத்தாலியின் ஒரு வட்டாரத்திலும் சார்கோமா என ஐயுற்ற 1,463 நோயாளரின் திசுக்களைச் சிறப்பு வல்லுநர்கள் மறுபடியும் பார்த்த ஆய்வு 2012ல் வெளியானது. முதல் முடிவும் இரண்டாம் முடிவும் முழுமையாக ஒத்திருந்தது 56 விழுக்காட்டினருக்கு மட்டுமே. 35 விழுக்காட்டில் பகுதி வேறுபாடும், 8 விழுக்காட்டில் முற்றிலும் வேறான முடிவும் இருந்தன. வளம் மிக்க நாடுகளிலேயே இந்நிலை எனில், நோயியல் வல்லுநர் ஒருவரே எல்லாவகைத் திசுக்களையும் பார்க்கும் மாவட்டத் தலைநகரங்களில் இரண்டாம் கருத்தின் தேவையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. திசுக் கண்ணாடித் தகடுகளும் மெழுகுக் கட்டிகளும் நோயாளி கேட்டுப் பெறக்கூடியவை, வேறு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லத்தக்கவை என்பதைப் பலர் அறியார். வீட்டில் பத்திரப்படுத்தப்படுவது பெரும்பாலும் எக்சுரே படங்களும் மருந்துச் சீட்டுகளுமே.

குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்று இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இந்நோயை முதலில் காண்பவர் பெரும்பாலும் தாய்தான். குழந்தையின் கருவிழி நடுவில் பூனைக்கண் போல் வெண்மையான ஒளிர்வு தெரியும். பிளாசு வைத்து எடுத்த ஒளிப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் விழுவதுண்டு. வெண்மையைக் கண்ட அன்றே கண் மருத்துவரிடம் சென்றால் உயிரும், பல வேளைகளில் பார்வையும் காக்கப்படும். செல்வ நாடுகளில் இந்நோய்க்கு ஆளான குழந்தைகளில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். காலந்தாழ்த்தி வரும் நாடுகளில் இவ்வளவு குறைகிறது. ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இது மரபுவழியில் கடத்தப்படக்கூடியது ஆதலால், உடன்பிறந்த குழந்தைகளின் கண்களையும் பரிசோதிக்க வேண்டும் என்னும் தகவல் சிகிச்சைக்கு இணையாக முதன்மையானது.

தகவல் தேவை

புற்றுநோயாளரின் நிறைவேறாத தேவைகளை அளப்பதற்கான வினாத்தொகுதி ஒன்று 2000ல் ஆத்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. அது தேவைகளை உளவியல், மருத்துவ அமைப்பும் தகவலும், உடலும் அன்றாட வாழ்வும், பராமரிப்பும் ஆதரவும், பாலியல் என ஐந்து களங்களாகப் பிரிக்கிறது. அரிய புற்றுநோயில் இவற்றுள் தகவற் களமே மற்றவற்றையும் இழுத்துச் செல்வதாக உள்ளது. தம் நோய் என்னவென்று அறியாதவர், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பதையும் அறிய இயலாது.

இந்தி நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் தமக்கு அரிய நோய் ஒன்று வந்திருப்பதாக அறிவித்தபோது, நோயின் பெயர் வெளிவராத இடைவெளியில் மூளைக்கட்டி என்பது உள்ளிட்ட வதந்திகள் பரவின. பின்னர் அவர் அது நரம்பு அகச்சுரப்புக் கட்டி எனத் தெரிவித்து, பெயரில் நரம்பு என்று இருப்பதாலேயே அது மூளையைச் சார்ந்ததாகிவிடாது என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் 2020 ஏப்ரல் 29 அன்று காலமானார். நாடறிந்த ஒருவருக்கே தம் நோயின் பெயருக்கு உரை எழுத நேர்ந்தது. குடலிலோ கணையத்திலோ நுரையீரலிலோ தோன்றக்கூடிய இக்கட்டியின் பெயரை மட்டும் சீட்டில் எழுதிப் பெற்ற ஓர் ஏழை நோயாளி, அதை எவரிடம் கேட்பார் என்பது எளிய வினா அன்று.

கிடைக்கும் தகவலும் நோயாளியை வழிதவறச் செய்யலாம். அமெரிக்கப் படிவளர்ச்சி அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1982ல் வயிற்று உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுக்கு ஆளானார். நூலகத்தில் தேடியபோது, நோய் கண்டோரின் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று அறிந்தார். இடைநிலை எனில் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்றே பொருள் என்பதை அவரது கணிதப் பயிற்சி உணர்த்திற்று. இதுபற்றி 1985ல் அவர் எழுதிய கட்டுரை புற்றுநோயாளரிடையே பரவலாகப் படிக்கப்பட்டது. அவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002ல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எண்ணைப் படிக்கத் தெரிதலும் ஒரு தகவல் தேவையே. அரிய நோய்களில் அவ்வெண்கள் சில பத்து நோயாளரிடமிருந்து, பழைய மருந்துகளின் காலத்தில் திரட்டப்பட்டவையாக இருப்பது வழக்கம்.

தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு தடையும் உண்டு. நோயின் பெயரை நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என உறவினர் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அடிக்கடி நிகழ்வதாகும். இதன் பின்னணியில் இருப்பது அன்பே என்றாலும், விளைவு வேறு. அரிய புற்றுநோயில் நோயாளி ஊர் ஊராகச் செல்லவும், நீண்டகாலம் மாத்திரை உட்கொள்ளவும், பக்கவிளைவுகளைத் தாமே கவனித்துக் கூறவும் வேண்டியிருப்பதால், மறைத்து நடத்தும் சிகிச்சை பெரும்பாலும் இடையில் முறிகிறது.

தமிழில் மருத்துவச் சொற்கள்

மார்பகப் புற்று, கருப்பை வாய்ப் புற்று ஆகியவற்றைப் பற்றித் தமிழில் துண்டறிக்கைகளும் நூல்களும் வெளிவந்துள்ளன. சார்கோமாவிற்கோ நரம்பு அகச்சுரப்புக் கட்டிக்கோ அவ்வாறு இல்லை எனலாம். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களையும் மொழிபெயர்த்தார். அம்மரபு தொடர்ந்திருந்தால் சொற்கள் நிலைபெற்றிருக்கும். இன்று இலங்கையில் இழையம் என வழங்குவது தமிழ்நாட்டில் திசு என்றும், கலம் என்பது செல் அல்லது உயிரணு என்றும் வழங்குகின்றன. நோயாளியோ இவை அனைத்தையும் கட்டி என்ற ஒரே சொல்லில் அடக்குகிறார். தீங்கற்ற கட்டிக்கும் புற்றுக்கும் அதே சொல் வழங்குவதால், மருத்துவர் கூறியதும் நோயாளி கேட்டதும் வேறுவேறாகிவிடுகின்றன.

மருந்தும் இமாட்டினிப் வழக்கும்

அரிய புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதில் நிறுவனங்கள் தயங்குவதற்கு நுகர்வோர் குறைவு என்பதே காரணம். இதற்காகவே ஐக்கிய அமெரிக்கா 1983ல் அருநோய் மருந்துச் சட்டத்தை இயற்றியது. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும் அது நோயாளியின் கைக்கு எட்டுமா என்பது தனி வினா. இவ்வினாவிற்கு விடை சென்னையிலிருந்தே எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நாட்பட்ட மயலாய்டு இரத்தப் புற்று, 1960ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்ட நிறப்புரிப் பிழை ஒன்றோடு தொடர்புடையது. அப்பிழையால் உண்டாகும் நொதியைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இதே மாத்திரை இரைப்பை, குடல் சுவர்களில் தோன்றும் ஜிஸ்ட் எனப்படும் அரிய கட்டிக்கும் பயன்பட்டது. அக்கட்டி நெடுங்காலம் மென்தசைப் புற்று என்று தவறாக வகைப்படுத்தப்பட்டு, பயன்தராத வேதிச்சிகிச்சைக்கு உட்பட்டு வந்தது. 1998ல் சப்பானிய ஆய்வாளர்கள் அதன் மரபணு மாற்றத்தைக் கண்டனர். 2000ல் பின்லாந்தில் ஒரே ஒரு நோயாளிக்கு இமாட்டினிப் கொடுத்துப் பார்த்ததில் கட்டி சுருங்கியது. 2002ல் அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது. சரியான பெயர் கிடைத்த நான்கு ஆண்டுகளுக்குள் சரியான மருந்தும் கிடைத்தது.

இந்தியாவில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் இமாட்டினிப் மாத்திரைக்கு மாதம் ஏறத்தாழ ரூ. 1,20,000 விலையாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் பொதுப்பெயர் மருந்துகள் ரூ. 8,000 முதல் 10,000 வரையில் கிடைத்தன. நோவார்ட்டிஸ் 2002 முதல் மேக்ஸ் அறக்கட்டளை வழியாகத் தகுதியுடைய நோயாளருக்கு இலவசமாகவும் இம்மருந்தை வழங்கி வந்தது. அதே வேளையில், மருந்தின் படிக வடிவம் ஒன்றிற்குக் காப்புரிமை கோரியிருந்தது. புற்றுநோயாளர் உதவிச் சங்கம் இதனை எதிர்த்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 சனவரியில் கோரிக்கையை நிராகரித்தது. ஏற்கனவே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவத்திற்கு, அதன் நோய்தீர்க்கும் திறன் கூடியிராவிடில், காப்புரிமை இல்லை என்னும் 3(ஈ) பிரிவை எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகத்தில் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு வாரியம் 2009லும், உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்றும் காப்புரிமையை மறுத்தன. இலவசத் திட்டத்தில் பெரும்பாலான நோயாளர் மருந்து பெறுகின்றனர் என்பது நிறுவனத்தின் வாதமாக இருந்தது. கொடை எந்நாளும் நிறுத்தப்படலாம், விலை குறைந்த மருந்தோ சந்தையில் நிலைத்திருக்கும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இலவசத் திட்டத்தைச் சுற்றி உருவான நோயாளர் கூட்டங்கள், நோயாளர் தம்மையொத்த இன்னொருவரை முதன்முறையாகச் சந்திக்கும் வாய்ப்பையும் தந்தன. இது எத்தரப்பின் வாதத்திலும் பெரிதாக இடம்பெறாத பயனாகும்.

புதுச்சேரியில்

புதுச்சேரியில் மேனாட்டு மருத்துவக் கல்வி 1823ல் பிரெஞ்சு அரசு நிறுவிய மருத்துவப் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. அம்மரபில் வந்த கல்லூரி 1964ல் ஜவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 2008ல் நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. மக்கள் இதனை ஜிப்மர் என்றே அழைப்பர். இங்குள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்திற்குப் புதுச்சேரியிலிருந்து மட்டுமன்றி விழுப்புரம், கடலூர் முதலிய தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். தவளக்குப்பத்தில் 2003ல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை கண் நோயாளருக்கு அருகிலுள்ள இடமாகும்.

நகரின் நேரு வீதியில் உள்ள பெரிய மார்க்கெட், புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி எனவும் வழங்கும். அங்கிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் சில கிலோமீட்டர் தொலைவே. ஆகையால் மார்க்கெட்டில் மூட்டை தூக்குவோர்க்கும் மீன், காய்கறி, பூ விற்போர்க்கும் தொலைவு தடையன்று. நேரம்தான் தடை. புறநோயாளர் பிரிவு இயங்கும் காலை வேளையே மார்க்கெட்டில் வணிகம் நடக்கும் வேளையும் ஆகும். ஒரு முறை மருத்துவமனை செல்வது ஒரு நாள் வருமானத்தை இழப்பதாகும். பரவலான புற்றுநோயில் ஓரிரு வருகைகளில் நோயின் பெயர் தெரிந்துவிடலாம். அரிய புற்றில் திசுவைச் சிறப்பு ஆய்வகத்திற்கு அனுப்பி முடிவு வரும்வரை வருகைகள் பெருகும். வலியும் குறையாமல் விடையும் கிடைக்காமல் நான்காம் முறை திரும்புபவர், ஐந்தாம் முறை வராமலே போவதற்கு அலட்சியம் காரணமன்று.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அமைப்பும் தனித்தன்மை வாய்ந்தது. காரைக்கால் தெற்கே நாகப்பட்டினத்தை ஒட்டியும், மாகே கேரளத்திலும், ஏனாம் ஆந்திரத்திலும் உள்ளன. மாகே மக்களுக்குத் தலைச்சேரியில் உள்ள மலபார் புற்றுநோய் மையமே மிக அருகில் உள்ளது. ஒரே நிருவாகத்தின் கீழ் வாழ்வோர் மூன்று மொழிகளில், மூன்று மாநிலங்களின் மருத்துவமனைகளில் தம் நோயை விளக்க வேண்டியவராகின்றனர்.

பிரான்சில் 2009 முதல் அரிய புற்றுநோய்களுக்கென நாடளாவிய வலையமைப்புகள் ஏற்படுத்தப்பட்டன. சார்கோமா ஐயம் எழுந்தால் திசுவைச் சிறப்பு வல்லுநர் மறுபார்வையிடுவதும், அறுவைக்கு முன்பே பலதுறை மருத்துவர் குழு கலந்தாய்வதும் அங்கு முறையாயின. சிகிச்சைக்கு முன் அக்குழுவின் பார்வைக்கு வந்த நோயாளருக்கு மறு அறுவையும் நோய் மீள்வும் குறைவாக இருந்ததை 12,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட ஆய்வு 2017ல் காட்டியது. இந்தியாவில் இதற்கு அண்மையானது 2012ல் டாட்டா நினைவு மையத்தின் ஒருங்கிணைப்பில் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பாகும். மருத்துவர் காணொளி வழியே கூடிச் சிக்கலான நோயாளரைப் பற்றி ஆலோசிக்கும் முறை அதில் உண்டு. நோயாளி பயணம் செய்யாமல் அவரது படங்களும் திசு முடிவுகளும் பயணம் செய்வது அரிய நோய்க்கு மிகவும் பொருத்தமான ஏற்பாடு.

செலவைப் பொறுத்தவரை, 2018ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பீடு வழங்குகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெறுகிறது. இத்தகைய திட்டங்கள் மருத்துவமனைச் சிகிச்சையை மையமாகக் கொண்டவை. மருத்துவமனைக்கு வெளியே ஏற்படும் பயணம், தங்குமிடம், கூலியிழப்பு ஆகியன நோயாளியின் தலையிலேயே விழுகின்றன. 2021ல் இந்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை முதன்மையாக மரபணு நோய்களை நோக்கியது. அரிய புற்றுநோய், அரிய நோய் என்னும் பட்டியலிலும் புற்றுநோய்த் திட்டங்களின் முன்னுரிமையிலும் முழுமையாக அடங்காமல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இலங்கையில்

இலங்கையின் வட பகுதித் தமிழர் நீண்டகாலம் கொழும்பை அடுத்த மகரகமவில் உள்ள தேசியப் புற்றுநோய் மருத்துவமனையையே நம்பியிருந்தனர். 2011ல் தெற்கே தெவிநுவர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடைபெற்ற நிதி திரட்டும் நடைப்பயணத்தின் பயனாக யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டப்பட்டு 2013ல் திறக்கப்பட்டது.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு

நோயின் வகை இன்னும் உறுதியாகாத நிலையிலும் வலியைத் தணிக்கலாம். இதற்கு நோயின் சரியான பெயர் தேவையில்லை. கடும் வலிக்கு உரிய மருந்தான மார்பீன், இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல்லாண்டுகள் எளிதில் கிடைக்காமல் இருந்தது. 2014ல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாப் போதைமருந்துகளை மருத்துவமனைகள் பெறும் நடைமுறை எளிதாக்கப்பட்டது. எனினும் நோய்த்தணிப்புப் பிரிவுக்கு அனுப்பப்படுவதைக் கைவிடப்படுதல் எனக் கருதும் எண்ணம் நோயாளரிடமும் சில மருத்துவரிடமும் உள்ளது. அரிய புற்றுநோயாளர் இப்பிரிவுக்கு மிகவும் பிந்தியே வருவதற்கு, அடுத்த பரிசோதனையில் விடை கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் காரணமாகும்.